பாடல் வீடியோவில் காட்சி மாற்றங்கள்: தாளில் தொடங்கி டைம்லைனில் முடிக்கும் வரிசை

கொழும்பு வெள்ளவத்தையில் என் எடிட்டிங் மேசைக்கு வரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அண்ணா, இந்த இரண்டு ஷாட்டுக்கும் நடுவில் எந்த ட்ரான்சிஷனைப் போடலாம்?"

ஷாட்களைப் பார்த்ததும் பதில் தெரிந்துவிடும். முதலாவதில் காலிமுகத்திடலின் மாலை வெயிலில் பாடகி இடப்பக்கமாக நடந்து போகிறார். இரண்டாவதில் கொட்டாஞ்சேனை வீடொன்றின் முன்னறையில் குழல் விளக்கின் கீழ் அசையாமல் நிற்கிறார். இவற்றுக்கு நடுவில் எதைப் போட்டாலும் ஒட்டுப்போட்ட துணியாகத்தான் தெரியும். ட்ரான்சிஷன் என்பது மென்பொருளின் பட்டியலில் இருந்து எடுத்துப் போடும் பொருள் என்ற எண்ணத்தில்தான் கோளாறு இருக்கிறது. அதில் கால்வாசி தாளிலும் அரைவாசி படப்பிடிப்பிலும் முடிந்திருக்க வேண்டும். மேசைக்கு மிஞ்சுவது கால்வாசி வேலை.

ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். மென்பொருள் எதுவானாலும் சரி. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இதில் வரும் எல்லாவற்றுக்கும் போதுமானது.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பாடலின் இறுதி மிக்ஸ். 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3 பிரதியை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். எம்பி3 ஆக்கும்போது பாடலின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்வதுண்டு. பிறகு வேவ் கோப்பை மாற்றி வைத்தால் எல்லா வெட்டுகளும் ஏறக்குறைய ஒரு ஃப்ரேம் (நொடிக்கு 25 ஓடும் படங்களில் ஒன்று) விலகி நிற்கும். கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது; ஆனால் பார்ப்பவர்கள் "ஏதோ ஒட்டவில்லை" என்பார்கள்.

ஒருமுறை எடிட்டிங் முழுவதும் முடிந்த பிறகு, இசையமைத்தவர் இடையிசையில் புல்லாங்குழலுக்கு "ஒரே ஒரு ஆவர்த்தனம்" கூட்டினார். நிமிடத்துக்கு 100 தாள அடி ஓடும் பாட்டு. நான்கு அடி என்றால் 60 ஃப்ரேம். இரண்டாம் சரணம் தொடங்கி முடிவு வரை அத்தனையும் இடம்பெயர்ந்தன, இரண்டு இரவுகள் போயின. அன்றிலிருந்து பாடலின் நீளத்தை நிமிடம், நொடியோடு எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

இரண்டாவது, ஃப்ரேம் வேகம் பற்றிய முடிவு. இலங்கையில் 25-ஐ எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. 25 ஃப்ரேமும் 1/50 நொடி ஷட்டரும் அதோடு ஒத்துப்போகும். கைப்பேசிகள் வழக்கமாக 30 ஃப்ரேமில் தொடங்கும். 1/60 ஷட்டரில் மண்டபத்து விளக்கின் கீழ் எடுத்தால் படத்தில் கருங்கோடுகள் மேலும் கீழும் ஊரும். அதை எடிட்டிங்கில் அழிப்பது பெரும்பாடு.

மூன்றாவது, பகல் வெளிச்சத்துக்கு என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி. கொழும்பின் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்று வைத்தால் துவாரத்தை எஃப்/22 வரை மூட வேண்டியிருக்கும். எஃப்/2.8-இல் எடுக்க விரும்பினால் ஆறு படி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அதாவது என்டி64. ஃபில்டர் இல்லாதவர்கள் ஷட்டரை 1/2000-க்கு ஏற்றிவிடுகிறார்கள். அப்போது அசைவில் மங்கல் இருக்காது. மங்கல் இல்லையென்றால் கமராவைச் சுழற்றிச் செய்யும் இணைப்பு எதுவும் மறையாது.

இவற்றோடு இரண்டு ஹார்ட் டிஸ்க், நல்ல ஸ்பீக்கர், அச்சிட்ட பாடல் வரிகள்.

2. பாட்டைத் தாளில் கூறுபோடுதல்

கணினியைத் திறக்கும் முன் அச்சிட்ட வரிகளில் பென்சிலால் கோடு போடுங்கள்: முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம், மீண்டும் பல்லவி, இப்படியே கடைசி வரை. ஒவ்வொன்றின் நொடிக் கணக்கையும் ஓரத்தில் குறியுங்கள்.

அடுத்தது ஓர் எளிய வகுத்தல். 1500-ஐப் பாடலின் பிபிஎம்மால், அதாவது நிமிடத்துக்கு விழும் அடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், 25 ஃப்ரேம் டைம்லைனில் (மென்பொருளில் க்ளிப்புகளை அடுக்கும் பட்டையில்) ஓர் அடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது கிடைக்கும். 100 என்றால் 15. 125 என்றால் 12. 120 என்றால் பன்னிரண்டரை. அரை ஃப்ரேமில் வெட்ட முடியாது என்பதால் ஒன்றை 12-லும் அடுத்ததை 13-லும் வைக்க வேண்டிவரும். இது தெரியாமல் முதல் நான்கு அடியை அளந்து, அதே அளவை நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போகிறவர்கள், ஒரு நிமிடம் கழித்து வெட்டுகள் ஏன் தாளத்தை விட்டு ஓடுகின்றன என்று தலையைச் சொறிகிறார்கள்.

பைலா போன்ற ஆறெட்டுத் தாளப் பாட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆறு சிற்றடிகளையும் அடியாக எண்ணிவிடுகிறார்கள். அழுத்தம் விழுவது ஒன்றாவதிலும் நான்காவதிலும்தான். அவற்றை மட்டும் குறியுங்கள்.

மிருதங்கமோ தவிலோ நேரடியாக வாசித்துப் பதிவுசெய்த பாட்டு என்றால் இந்த வகுத்தலே உதவாது. வேகம் மூச்சோடு கூடிக் குறையும். பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மார்க்கர் விசையைத் தட்டுங்கள். பிறகு ஒலியலையைப் பெரிதாக்கி, ஒவ்வொரு மார்க்கரையும் அதன் முகட்டுக்கு நகர்த்துங்கள்.

கடைசியாக, சாதாரண வெட்டு போதாத இடங்களை வட்டமிடுங்கள். நான்கு நிமிடப் பாட்டுக்கு ஐந்து அல்லது ஆறு போதும். என் அனுபவத்தில் அவை பெரும்பாலும் பகுதி மாறும் எல்லைகளில்தான் வரும். பாட்டே திரும்பும் இடத்தில் காட்சியும் திரும்பினால் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார். சரணத்தின் நடுவில், வரி பாதியில் இருக்கும்போது திரை சுழன்றால் அவர் கவனிப்பது சுழற்சியை, பாட்டு கைநழுவிவிடும்.

3. இணைப்புகளைச் சோடியாக எழுதுதல்

புதியவர்கள் தவறாமல் தவிர்க்கும் படி இது. ஷாட் பட்டியல் எழுதுகிறார்கள். சோடிப் பட்டியல் எழுதுவதில்லை. வட்டமிட்ட ஒவ்வோர் இடத்துக்கும் 'வெளியேறும் ஷாட்', 'உள்ளே வரும் ஷாட்' என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விவரங்கள் வேண்டும்: அசைவின் திசை, வேகம், கமராவின் உயரம், லென்ஸ், வெளிச்சம். முதல் நான்கில் ஒன்று பொருந்தாவிட்டால் இணைப்பு தெரியும். வெளிச்சம் பொருந்தாவிட்டால் தெரு முனையில் இருந்தே தெரியும்.

திசையைக் காகிதத்தில் இப்போதே தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். கடலோர வீதியான மரைன் டிரைவில் கடலைப் பார்த்து நின்றால் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இருந்து காலிப் பக்கம் போகும் ரயில் வலமிருந்து இடமாக ஓடும். கோட்டைக்குப் போகிறது இடமிருந்து வலமாக. ரயிலோடு கமராவைச் சுழற்றி, அந்தச் சுழற்சியில் வேறோர் இடத்துக்குத் தாவுவது நல்ல இணைப்பு. ஆனால் தாவிச் சேரும் ஷாட்டும் அதே பக்கம் சுழல வேண்டும். எந்த ரயிலை எடுக்கப்போகிறோம் என்று எழுதாமல் போனால், வந்த முதல் ரயிலை எடுத்துவிட்டு வருவீர்கள். படத்தைக் கண்ணாடிபோல் இடவலமாகப் புரட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: ரயில் பெட்டியின் எழுத்துகளும் கடைப் பலகைகளும் இடவலம் மாறிச் சிரிக்கும்.

நடைபாதையில் நின்றே எடுங்கள். தண்டவாளத்தில் கால் வைக்க வேண்டாம். பொது இடங்களுக்கு அனுமதி வாங்கும் வேலையையும் இந்தப் படியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

4. படப்பிடிப்பில் கவனிக்க வேண்டியவை

எல்லா ஷாட்டுக்கும் பொதுவான விதி: தேவைக்கு முன்னும் பின்னும் ஐந்து நொடி ஓடவிடுங்கள். 20 ஃப்ரேம் டிசால்வ் (ஒரு படம் கரைந்து இன்னொன்றாக மாறுவது) போட இரு பக்கமும் பத்துப் பத்து ஃப்ரேம் உபரியாக வேண்டும். அது இல்லாத க்ளிப்பில் மென்பொருள் மறுக்கும், அல்லது கடைசி ஃப்ரேமை உறைய வைத்து நிரப்பும். நடந்துகொண்டிருந்த பெண் அரை நொடி சிலையாவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

வேகச் சுழற்சி. வெளியேறும் ஷாட்டில் கமரா நின்று, மெதுவாகத் தொடங்கி, வேகத்தில் முடிய வேண்டும். உள்ளே வரும் ஷாட்டில் வேகத்தில் தொடங்கி, பாடகியிடம் வந்து நிற்க வேண்டும். இரண்டிலும் சுழற்சியின் நடுப்பகுதி ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். முதலாவதைக் கடலை நோக்கிச் சுழற்றி முடித்துவிட்டு, இரண்டாவதை இருண்ட சுவரில் தொடங்குகிறார்கள் பலர். கடல் பக்கம் வெள்ளை வெளேர் என்று மங்கும். சுவர் கறுப்பாக மங்கும். நடுவில் மின்னல் வெட்டியதுபோல் இருக்கும். ஆகவே கட்டடங்களின் பக்கம் சுழற்றி முடியுங்கள்.

கடந்துபோகும் பொருள். காலி வீதியின் ஒரு பக்கம் கமரா, எதிர்ப்பக்கக் கடை வாசலில் பாடகர், நடுவில் ஒரு பஸ். பஸ் கடக்கும்போது அதன் பின் விளிம்புக்குப் பின்னால் வேறோர் இடம் திறக்கிறது. புதியவர்களுக்கு மிகவும் பிடித்த இணைப்பு இது. அவர்கள் மிக அதிகமாகச் சறுக்குவதும் இதில்தான்.

கணக்கைப் பாருங்கள். பத்து மீற்றர் நீளமான பஸ் மணிக்கு 30 கிலோமீற்றரில் போனால் கமராவைக் கடக்க ஏறக்குறைய 1.2 நொடி எடுக்கும். அதாவது 30 ஃப்ரேம், தாராளமான மறைப்பு. ஆனால் பஸ்ஸுக்கு ஜன்னல்கள் உண்டு! கமராவைக் கண் மட்டத்தில் வைத்து எடுத்த ஒரு தம்பி ஐந்து பஸ்ஸைப் படம்பிடித்துக் கொண்டுவந்தார். ஐந்திலும் ஜன்னல் வழியாகப் பாடகர் விட்டுவிட்டுத் தெரிந்தார். பயணிகளில் ஒருவர் கமராவுக்குக் கையசைத்தார். ஒன்றும் பயன்படவில்லை.

தீர்வு எளிது. முக்காலியின் கால்களைச் சுருக்கி, லென்ஸை இடுப்பு உயரத்துக்கும் கீழே கொண்டுவாருங்கள். கமராவை ஓரளவு வீதியோரத்துக்கு நகர்த்துங்கள். இப்போது கமராவுக்கும் பாடகரின் முகத்துக்கும் இடையிலான கோடு ஜன்னலுக்குக் கீழே, பஸ்ஸின் தகட்டுப் பகுதியால் போகும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்பு பஸ் என்றால் படச் சட்டம் முழுவதும் சிவப்பாக மூடித் திறக்கும். முக்காலி கட்டாயம், கையில் பிடித்தால் பின்னர் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் வடிவம்) வெட்டும்போது விளிம்பு நடுங்கும்.

கமராவை மூடுதல். பாடகி லென்ஸை நோக்கி வந்து சேலைத் தலைப்பால் மறைக்கிறார். அடுத்த ஷாட் அதே நிற இருளில் இருந்து பின்வாங்குகிறது. இதில் ஒரே எச்சரிக்கை: எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் இருட்டும்போது கமரா தானே வெளிச்சத்தைக் கூட்டி, துணியின் நூலிழையைக்கூடக் காட்டிவிடும்.

ப்ளேபேக், அதாவது வாயசைக்கப் படப்பிடிப்பில் ஓடவிடும் பாட்டு. பாடலுக்கு முன் எட்டு 'டிக்' ஒலி சேர்த்த கோப்பைப் போடுங்கள்; பாடகர் முதல் எழுத்திலேயே சரியாக நுழைவார். மெதுவசைவில் உதடு அசைய வேண்டுமானால் 50 ஃப்ரேமில் எடுங்கள், பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிடுங்கள், பாடகரும் அதே வேகத்தில் பாடட்டும். 25-க்குக் குறைக்கும்போது அசைவு மெதுவாகும். உதடு சரியாக விழும். துரிதமான பாட்டில் இதை முயற்சிக்காதீர்கள். யாராலும் அந்த வேகத்தில் வாயசைக்க முடியாது.

மாலை வெளிச்சம். கொழும்பில் சூரியன் மாதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 5.50-க்கும் 6.30-க்கும் இடையில் மறைகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி நீடிப்பதில்லை. பொன்னிற வெளிச்சத்தில் ஒரு சோடியின் இரு பாதியையும் எடுக்கலாம் என்று திட்டமிட்டால், இரண்டாவது பாதிக்கு இடம் மாறும்போது இருட்டிவிடும். ஒரு மாலைக்கு ஒரு பாதி. மற்றப் பாதி அடுத்த நாள் அதே நேரத்தில்.

5. நகலெடுத்தலும் ஒத்திசைத்தலும்

கார்டில் இருப்பதை இரண்டு டிஸ்க்கிலும் நகலெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். கோப்புகளைச் சோடி எண்ணால் பெயரிடுங்கள்: '3-வெளி', '3-உள்' என்பதுபோல.

கைப்பேசியில் எடுத்த க்ளிப்புகளை முதலில் நிலையான 25 ஃப்ரேமுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான கைப்பேசிகள் ஃப்ரேம் வேகத்தைத் தாமே சற்றுக் கூட்டிக் குறைக்கின்றன. தொடக்கத்தில் சரியாக இருக்கும் உதடு, இரண்டாவது நிமிடத்தில் பின்தங்குவது அதனால்தான்.

அடுத்தது உதட்டைப் பாட்டோடு சேர்ப்பது. கமராவில் பதிவான ப்ளேபேக் ஒலியை வைத்து மென்பொருள் தானாகச் சேர்த்துவிடும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி ஏறக்குறைய 14 மீற்றர்தான் போகும். காலிமுகத்திடலில் பாடகியின் காலடியில் ஸ்பீக்கரை வைத்து, 40 மீற்றர் தள்ளி நீண்ட லென்ஸால் எடுத்தீர்கள் என்றால் கமராவுக்கு ஒலி மூன்று ஃப்ரேம் பிந்தித்தான் வந்து சேர்ந்திருக்கும். படமோ உடனே வந்துவிட்டது. ஒலியலையைப் பொருத்தினால் படம் மூன்று ஃப்ரேம் விலகும். கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது கேட்டதைத்தான் பொருத்தியது.

சரிபார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். வரியில் 'ப' அல்லது 'ம' எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடுங்கள். 'மழை', 'பூ' எதுவானாலும் சரி. இந்த இரண்டையும் உதட்டை மூடாமல் ஒலிக்க முடியாது. ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி உதடுகள் பிரியும் கணத்தைப் பிடியுங்கள். உயிரொலி வெடித்துக் கிளம்பும் இடத்தில் அதை வையுங்கள். 'வானம்' போன்ற சொல்லின் இறுதி 'ம்'-ஐ அளவாக எடுக்க வேண்டாம். பாடகர்கள் அதை மூக்கிலேயே கரைத்துவிடுவதுண்டு. ஒவ்வொரு டேக்கிலும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று சொற்களைப் பாருங்கள்.

6. முதலில் முதுகெலும்பு

பாடும் ஷாட்களை மட்டும் கொண்டு முழுப் பாட்டையும் சாதாரண வெட்டுகளால் நிரப்புங்கள். கதைக் காட்சிகளோ நிறமோ ட்ரான்சிஷனோ இப்போது வேண்டாம். சலிப்பான வேலைதான். ஆனால் இது முடிந்தால், என்ன நேர்ந்தாலும் ஒப்படைக்கக்கூடிய ஒரு வீடியோ உங்களிடம் இருக்கும்.

பிறகு கதைக் காட்சிகளை டைம்லைனின் மேல் தளத்தில் வையுங்கள். கீழே பாடும் ஷாட் அப்படியே இருப்பதால் ஒரு கதைக் காட்சி சரிவராவிட்டால் எடுத்துவிடலாம், ஓட்டை விழாது.

இந்த நிலையில் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை முழுவதும் பாருங்கள். எங்கே கண் தடுக்குகிறதோ அங்கே குறியுங்கள். ஒலி இருக்கும்போது பாட்டு பல தவறுகளை மன்னித்துவிடும். மௌனத்தில் அந்தச் சலுகை இல்லை.

7. வெட்டைத் தாளத்தில் வைத்தல்

அடி விழும் ஃப்ரேமில் நேராக வெட்டினால், எனக்கு எப்போதும் வெட்டு சற்றுப் பிந்தியதுபோலத் தோன்றும். புதிய படத்தைக் கண் உள்வாங்க ஒரு கணம் வேண்டும். நான் ஒன்று அல்லது இரண்டு ஃப்ரேம் முன்னால் வெட்டுகிறேன். பறையடி, கைதட்டல் போன்ற கூர்மையான ஒலிக்கு ஒன்று. நாதஸ்வரம்போல் எழுந்து வரும் ஒலிக்கு இரண்டு. நீங்கள் மூன்று விதமாகவும் வைத்துப் பார்த்து உங்கள் கண்ணுக்குச் சரியானதை எடுங்கள்; ஆனால் ஒரு பாட்டுக்குள் மாற்றி மாற்றி வைக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு, எல்லா அடியிலும் வெட்டுவது. 100 பிபிஎம்மில் நான்கு நிமிடப் பாட்டுக்கு 400 அடிகள். ஒவ்வொன்றிலும் வெட்டினால் 400 ஷாட். ஒன்றும் மனதில் நிற்காது. நான்கு அடிக்கு ஒன்று என்றாலும் நூறு. இதைவிட நல்ல வழி, அடியை எண்ணாமல் வரியைக் கேட்பது. தமிழ்ப் பாட்டில் எதுகை விழும் இடத்தைக் காது எதிர்பார்த்துக் காத்திருக்கும். முதல் வரியின் எதுகையில் ஒரு முகம், அடுத்த வரியின் எதுகையில் அதற்கு இணையான இன்னொரு முகம் என்று வைத்தால், இடையில் எட்டு நொடி வெட்டாமல் விட்டாலும் ஷாட் நீளமாகத் தெரியாது.

ஷாட்டுக்குள்ளேயே அடி இருக்கலாம் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. நடனக்காரர் கால் தட்டுவது அடியில் விழுந்தால் அங்கே வெட்டத் தேவையில்லை. வெட்டினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

8. இப்போது ட்ரான்சிஷன்கள்

சோடிப் பட்டியலை மேசையில் விரித்து வையுங்கள். அதில் இல்லாத இடத்துக்குப் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

சுழற்சி: இரண்டு ஷாட்டிலும் மங்கல் அதிகமாக உள்ள ஃப்ரேமைத் தேடி அங்கே வெட்டுங்கள். இரு பக்கமும் சேர்த்து நான்கு முதல் ஆறு மங்கிய ஃப்ரேம்கள் போதும். சற்றே தெரிந்தால் இரண்டு ஃப்ரேம் டிசால்வ் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சாதாரண வெட்டாக விட்டுவிடுங்கள். மென்பொருளின் செயற்கைச் சுழற்சியை அதன் மேல் பூசாதீர்கள். உண்மை மங்கலும் செயற்கை மங்கலும் அடுத்தடுத்து வரும்போது எது போலி என்று குழந்தைக்கும் தெரியும்.

பஸ்: உள்ளே வரும் ஷாட்டைக் கீழ்த் தளத்தில் வையுங்கள். மேலே உள்ள பஸ் ஷாட்டில், பின் விளிம்பு சட்டத்துக்குள் நுழையும் ஃப்ரேமில் இருந்து மாஸ்க் போட்டு, விளிம்புக்குப் பின்னால் உள்ள பகுதியை வெட்டி நீக்குங்கள். விளிம்பு சட்டத்தைக் கடக்க பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம்தான் எடுக்கும். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினாலும் அரை மணித்தியாலத்தில் முடியும் வேலை. மாஸ்க்கின் ஓரத்தைப் பஸ்ஸின் அசைவு மங்கலுக்குச் சமமாக மென்மையாக்குங்கள். கத்தியால் வெட்டியதுபோல் விட்டால் காட்டிக்கொடுக்கும். விளிம்பு பாடகரின் முகம் இருந்த இடத்தைக் கடக்கும் ஃப்ரேம் தாள அடியில் விழட்டும்.

டிசால்வ்: நீளத்தை அடியின் கணக்கில் வையுங்கள். 100 பிபிஎம்மில் 15 அல்லது 30 ஃப்ரேம். மென்பொருள் தரும் இயல்பளவு பாட்டுக்குச் சம்பந்தமில்லாத எண். பாடும் முகத்தில் இருந்து பாடும் முகத்துக்கு டிசால்வ் வேண்டாம். இரண்டு வாய்கள் ஒன்றின்மேல் ஒன்று அசையும் காட்சி பயங்கரமானது. இடையிசைதான் அதற்கு இடம்.

வேக மாற்றம்: ஷாட்டின் நடுவில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு 50 ஃப்ரேமில் எடுத்தது வேண்டும். 25-இல் எடுத்ததை மெதுவாக்கினால் படம் துள்ளும். உதடு அசையும் ஷாட்டில் இதைச் செய்யவே முடியாது. முடியும் என்று நிரூபிக்க வந்தவர்களோடு நான் நேரம் செலவழித்திருக்கிறேன். உதட்டை மறைக்க அவர்கள் மேலே புகை போட்டதுதான் மிச்சம்.

வெள்ளை மின்னல்: ஓரிரு ஃப்ரேம் வெள்ளை. ஒரு நொடிக்குள் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். ஒளி உணர்திறன் கொண்ட வலிப்பு நோயாளிகளுக்கு அது ஆபத்து. இந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை.

கறுப்புக்கு மங்குதல்: பாட்டின் முடிவில் ஒன்று. நடுவில் போட்டால் வீடியோ முடிந்துவிட்டது என்று பார்ப்பவர் விரல் நகர்ந்துவிடும்.

9. நிறம்

வெட்டுகள் பூட்டப்பட்ட பிறகுதான் நிறம். ஆனால் முழுப் பாட்டுக்கும் ஒரே பூச்சைப் போட்டு முடிக்கும் முன், ஒவ்வொரு சோடியையும் தனியாக எடுத்து, இணைப்பின் இரு பக்கத்து ஃப்ரேமையும் அருகருகே வைத்துச் சமப்படுத்துங்கள். முதலில் கருமை, பிறகு வெண்மை, அதற்குப் பிறகு சாயம். வரிசை மாறினால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடும். பூச்சை முதலில் போட்டுவிட்டால் அதன் கீழே நடக்கும் வேறுபாடு எங்கே பிறந்தது என்று தேடவே முடியாது.

10. ஏற்றுமதியும் சோதனையும்

டைம்லைனின் அதே 25 ஃப்ரேமில் வெளியிடுங்கள். 30 என்று மாற்றினால் ஃப்ரேம்கள் இடையிடையே இரட்டிப்பாகி, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த சுழற்சிகள் விக்கும். யூடியூபுக்கு 1080 அளவு என்றால் எச்.264 என்ற சுருக்க முறையில் நொடிக்கு 8 மெகாபிட் என்பது அவர்கள் சொல்லும் அளவு; நான் அதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கிறேன். மழை, கடல் நுரை, வேகச் சுழற்சி ஆகியவைதான் சுருக்கத்தில் முதலில் கட்டம் கட்டமாக உடையும்.

முதலில் சோடிகள் உள்ள இடங்களை மட்டும் பத்துப் பத்து நொடியாக வெளியிட்டு, யூடியூபில் யாருக்கும் காட்டாத நிலையில் ஏற்றிக் கைப்பேசியில் பாருங்கள். எடிட்டிங் திரையில் மறைந்திருந்த ஒட்டு அங்கே தெரிகிறதா, உதடு சரியா என்று இரண்டையும் சோதியுங்கள். புளூடூத் இயர்போன் ஒலியைப் பிந்த வைக்கும் என்பதால் உதட்டைச் சோதிக்கும்போது கம்பி இயர்போனோ கைப்பேசியின் ஸ்பீக்கரோ போதும். இதைக் கவனிக்காமல் சரியாக இருந்த ஒத்திசைவை நான்கு ஃப்ரேம் நகர்த்தி, மறுநாள் திரும்ப நகர்த்தியவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

செங்குத்து வடிவத் துண்டு கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். 16:9 சட்டத்தில் இருந்து 9:16-ஐ வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். பஸ் இணைப்பு அங்கே வேலை செய்யும். விளிம்பு சட்டத்தைக் கடக்கும் நேரம் குறைவதால் அடிக்கு ஏற்ப மீண்டும் நகர்த்த வேண்டும். ரயில் சுழற்சியில் ரயிலே தெரியாமல் போகலாம். அதற்குப் பதிலாகச் சேலைத் தலைப்பு இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். அது எந்த வடிவத்திலும் திரையை முழுதாக மூடும்.